மூன்றாம் முறை சொட்டு மருந்து

ராயபுரத்தில் பழைய சாக்குக் கிடங்கு ஒன்றைச் சீர்செய்து அறிவியல் வரலாற்று அருங்காட்சியகம் ஆக்கியிருந்தார்கள். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அங்கே பொதுக்கூட்டம் நடக்கும். யார் வேண்டுமானாலும் வரலாம். முதலில் பேச்சு, அப்புறம் கேள்வி, கடைசியில் டீயும் மசால் வடையும். மைக், புரொஜெக்டர், விளக்கு எல்லாம் பிராங்கிளினுடைய பொறுப்பு. ஏழு வருஷமாகப் பின்சுவரை ஒட்டிய மேசைதான் அவன் இடம். பேசுகிறவர் தலையசைத்தால் அடுத்த படத்தைப் போடுவான். வாசலில் கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் மைக்கைக் கொஞ்சம் ஏற்றி, லாரி போனதும் இறக்குவான்.

டெலிபோன் வந்த கதை, கடல் மட்டத்தை அளந்த கதை, நிலக்கரி மின்சாரமாகிற கதை என்று அங்கே உட்கார்ந்து அவன் கேட்காதது இல்லை. ஆனால் ஆகஸ்ட் மாதத்துக்கு யசோதரா சொன்ன தலைப்பைக் கேட்டதும், சுற்றிக்கொண்டிருந்த வயரை மேசைமேல் வைத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"போலியோண்ணா" என்றாள் யசோதரா.

கூட்டங்களுக்கு ஏற்பாடு செய்பவள் அவள்தான். வியாசர்பாடிப் பெண். கேட்க நினைத்ததைச் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுவாள்.

"காலேஜ் பசங்களுக்கு அந்தப் பேரே தெரில. டாக்டர் ரிஃபானா வந்து பேசறாங்க. முப்பத்தஞ்சு வருஷம் கொயந்தைங்க டாக்டரா இருந்தவங்க. ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க சின்ன வயசு காலிபர் எதனா வூட்ல கீதா? கண்ணாடி அலமாரில வைக்க."

பிராங்கிளினின் வலது காலில் இடுப்புக்குக் கீழே சதை கிடையாது. இரண்டு வயதில் வந்த போலியோ. தொடையிலிருந்து பூட்ஸ் வரை இரும்புப் பட்டையும் தோல்வாரும் மாட்டிய காலிபர் போட்டால்தான் நிற்க முடியும்.

"இப்ப போட்டுக்கினு கீறதையே கயட்டித் தர்றேன். கூட்டம் முடியற வரைக்கும் குந்திக்கினே இருக்கறேன்" என்றான்.

"சின்னதுண்ணா. கொயந்தைங்க போடறது. அதப் பாத்தாதான் ஜனங்களுக்கு உறைக்கும்."

கேட்டுப் பார்க்கிறேன் என்றான்.

வீடு காசிமேட்டுப் பக்கம். அவனும் அவன் அம்மா சிலுவையம்மாளும் மட்டும்தான். அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து வருஷத்துக்கு முன்பு வரை மீன் கூடையோடு தண்டையார்பேட்டைத் தெருக்களில் நடந்தவள். காலிபர் பரண்மேல் தகரப் பெட்டியில், ஒரு பழைய புடவையில் சுற்றி இருந்தது. அவள் சொன்ன மூலையில் கைவிட்டுத் துழாவி எடுத்தான். ஒரு முழ நீளம்கூட இல்லை. தோல்வார் காய்ந்து வளைந்திருந்தது.

"இத்த அலமாரில வச்சு இன்னா பண்ணுவாங்க?"

"ஜனங்க வந்து பாப்பாங்கம்மா. ஒரு டாக்டரம்மா பேசுவாங்க. எப்டி வந்துச்சு, மருந்து எப்டி கண்டுபுடிச்சாங்க, எப்டி ஒழிஞ்சுதுன்னு."

சிலுவையம்மாள் தோல்வாரை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அந்த டாக்டரம்மாவ கேள்வி கேக்கலாமா?"

"யார் வேணா கேக்கலாம்."

"அப்ப நானும் வர்றேன்."

ஏழு வருஷத்தில் ஒரு கூட்டத்துக்கும் அவள் வந்தது கிடையாது. இப்போது மட்டும் என்ன என்று கேட்டான். "என் புள்ள வேல செய்ற எடத்த நான் பாக்க வாணாவா?" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

தன் கால் போன கதையைப் பிராங்கிளின் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன். கதை ஒன்றுதான், சொன்னதும் எப்போதும் அம்மாதான். சொட்டு மருந்து மூன்று முறை போட வேண்டும். இரண்டு முறை போட்டாயிற்று. மூன்றாம் முறை போட வேண்டிய நாளில் அவள் தங்கச்சி கல்யாணத்துக்காகப் பழவேற்காடு போய்விட்டாள். திரும்பி வந்தபின் அதை மறந்தே போனாள். இரண்டு மாதம் கழித்துக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. கம்பவுண்டர் இரண்டு நாள் ஊசி போட்டார். மூன்றாம் நாள் காலையில் குழந்தை வலது காலைத் தூக்கவில்லை. உறவுக்காரர்கள் எல்லாரும் இந்தக் கதையை அறிவார்கள். ஒரு அத்தை, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்து, அந்தக் கல்யாணத்துக்கு இவள் போகாமல் இருந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டுத்தான் கேக்கில் கைவைப்பாள்.

அப்பா செல்வநாதன் இதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். பத்து வருஷம் பிராங்கிளினைச் சைக்கிளில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவர். காலிபரின் மூட்டு தேய்ந்தால் பட்டறையிலிருந்து அரமும் எண்ணெய் டப்பாவும் கொண்டுவந்து ராவிச் சரிசெய்வார். பிராங்கிளினுக்குப் பதினைந்து வயதானபோது மாரடைப்பில் போய்விட்டார்.

மூன்று வருஷம் கழித்து, ஐடிஐயில் எலெக்ட்ரீஷியன் படிப்பை முடித்து, துறைமுகத்தில் ஒப்பந்த வேலை எடுத்துச் செய்யும் ஒரு கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனான். வாசலிலேயே காலைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினான். "ஒரே ஒரு நாளு நீ போய் போட்டுக்கினு வந்திருந்தா எனக்குக் கால் இருந்திருக்கும்" என்றான். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மீதி மீனையும் கழுவி முடித்தாள். அதற்கப்புறம் அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, டாக்டர் ரிஃபானாவின் படங்கள் வந்தன. எழுத்து உடையாமல் வருகிறதா என்று பார்க்க, பிராங்கிளின் ஒவ்வொன்றாகத் திரையில் ஓட்டினான். பன்னிரண்டாவது படம் அவனை நிறுத்தியது. சொட்டு மருந்து மூன்று முறை போட்டும் நம் ஊரில் ஏராளமான குழந்தைகளுக்கு எதிர்ப்பு சக்தி வரவில்லை, குளிர்நாட்டில் போதுமானதாக இருந்த மூன்று முறை இங்கே போதவில்லை, அதனால்தான் பின்னால் வீடு வீடாகப் போய்த் திரும்பத் திரும்பப் போட்டார்கள் என்று அதில் இருந்தது. இரண்டு தடவை படித்தான். அம்மா மூன்றாம் முறை போட்டிருந்தாலும் கால் போயிருக்கலாம். அவள் வந்து இதைக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தபோது சந்தோஷமாகவே இருந்தது.

பதினான்காவது படத்தில் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. போலியோ கிருமி உடம்பில் இருக்கிற நேரத்தில், காய்ச்சலுக்கென்று குழந்தையின் சதையில் ஊசி போட்டால், ஊசி போட்ட கால் செயலிழக்கும் ஆபத்து கூடுகிறது. வெளிநாட்டில் இதை முன்பே கவனித்து எழுதியிருந்தார்கள். நம் ஊரில் சின்னக் காய்ச்சலுக்கும் ஊசி போடும் பழக்கம் இருந்ததால் எத்தனையோ குழந்தைகளின் கால் அப்படிப் போயிற்று. கீழே ஒரு கோட்டோவியம். தாயின் மடியில் குப்புறக் கிடக்கும் குழந்தை, பக்கத்தில் ஊசியோடு ஒரு கை.

கம்பவுண்டர் இரண்டு நாள் ஊசி போட்டார் என்று அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. தூக்கிக்கொண்டு போனவள் அவள்தான். ஒரு பழியை இறக்கிவைக்க வருகிறவள் தலையில் இன்னொன்றை ஏற்றி அனுப்ப வேண்டுமா?

யசோதராவிடம் போய் அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டான். காரணத்தையும் சொன்னான்.

"நானா எடுக்க முடியாதுண்ணா. அவங்க பேச்சு அது. நீங்களே டாக்டர கேளுங்க" என்று நம்பரைக் கொடுத்தாள்.

டாக்டர் ரிஃபானா போனில் பொறுமையாகக் கேட்டார்.

"அந்தப் படத்த நான் எடுக்க மாட்டேன் தம்பி. நடந்த விஷயம் அது. நர்சிங் பொண்ணுங்க வர்றாங்க, அவங்க தெரிஞ்சிக்கணும்."

"எங்கம்மா முன்வரிசைல குந்திக்கினு இருப்பாங்க டாக்டர். எனக்கு ஊசி போட்டுக்கினு வந்ததே அவங்கதான்."

"எத்தன வருஷம் ஆச்சு?"

"நாப்பத்தஞ்சு."

"நான் எடுக்க மாட்டேன். ஆனா லேப்டாப் உங்ககிட்ட இருக்கு. நீங்க தாண்டிப் போயிட்டா, மேடையில நின்னு ஏன்னு கேக்க மாட்டேன். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது."

சனிக்கிழமை ஐந்தரை மணிக்கே சிலுவையம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கோயிலுக்குக் கட்டும் நீலப் புடவை. முன்வரிசையில் நடுநாற்காலியில் போய் உட்கார்ந்தாள். நர்சிங் மாணவிகள் முப்பது பேர், ஆசிரியர்கள் சிலர், துறைமுகத்தில் ஓய்வுபெற்ற நாலைந்து பேர் என்று கூடம் முக்கால்வாசி நிறைந்தது. கண்ணாடி அலமாரியில் காலிபர் இருந்தது. கீழே யசோதரா ஒட்டியிருந்த அட்டையில், 1980-இல் ராயபுரம் பகுதிக் குழந்தை ஒன்று அணிந்தது, மூன்றாம் முறை சொட்டு மருந்து விடுபட்டது என்று அச்சடித்திருந்தது. பிராங்கிளின் சொல்லித்தான் அவள் அப்படி எழுதியிருந்தாள். தாண்டிப் போவதா வேண்டாமா என்று அவன் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.

டாக்டர் நன்றாகப் பேசினார். போலியோ வார்டில் குழந்தைகள் வரிசையாகக் கிடந்ததைச் சொன்னபோது மாணவிகள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். பன்னிரண்டாவது படத்தில், மூன்று முறை போட்டும் போதவில்லை என்று அவர் விளக்கியபோது பிராங்கிளின் அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அசையவில்லை. பதின்மூன்றாவது முடிந்தது. டாக்டர் தலையசைத்தார். பிராங்கிளினின் விரல் பட்டனை இரண்டு முறை தட்டியது. திரையில் பதினைந்தாவது படம், கையில் ஐஸ்பெட்டியோடு வீடு வீடாகப் போகிற பெண்கள். டாக்டர் திரையைத் திரும்பிப் பார்த்தார். பின்மேசையைப் பார்த்தார். தண்ணீர் ஒரு வாய் குடித்துவிட்டு, ஐஸ்பெட்டிப் பெண்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

பேச்சு முடிந்து கேள்வி நேரம் வந்தது. ஒரு ஆசிரியர் கேட்டார், ஒரு மாணவி கேட்டாள். அடுத்து யார் என்று யசோதரா மைக்கோடு பார்த்தபோது முன்வரிசையில் நீலப் புடவைக் கை உயர்ந்தது.

சிலுவையம்மாளுக்கு மைக் பழக்கமில்லை. அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு எழுந்து நின்றே பேசினாள். மீன் விற்ற குரல் கடைசி வரிசை வரை கேட்டது.

"டாக்டரம்மா, ஜுரத்துல கீற கொயந்தைக்கு ஊசி போட்டா கால் பூடுமா?"

டாக்டரின் பார்வை கூடத்தைத் தாண்டிப் பின்சுவருக்கு வந்தது. பிராங்கிளினுக்குக் காது சூடாயிற்று. ஒளித்ததைத் தேடி அவளே வந்து நிற்கிறாள். இனி மறைத்து என்ன பயன்? பதினான்காவது படத்தைத் திரையில் போட்டான்.

"ஆமாம்மா, அப்படி நடந்திருக்கு" என்றார் டாக்டர். படத்தில் இருந்ததை எளிய பேச்சில் சொன்னார். அப்புறம் மேடையிலிருந்து இறங்கி முன்வரிசைக்கு வந்தார். "ஆனா ஒண்ணு. ஜுரம் வந்துச்சுன்னா கிருமி ஏற்கெனவே உள்ள வந்தாச்சு. ஊசி போடாட்டியும் சில பிள்ளைங்களுக்குக் கால் போச்சு. ஊசி போட்டும் பல பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஒரு பிள்ளைய எடுத்துக்கிட்டு, இதாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன்."

"போட்டவனுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. புஸ்தகத்துல இருந்துச்சு, தெருவுக்கு வரல. வேலைக்குச் சேந்த புதுசுல நானே காய்ச்சலுக்கு ஊசி எழுதிக் குடுத்திருக்கேன்."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டுச் சிலுவையம்மாள் உட்கார்ந்தாள்.

ஏழேகால் மணிக்கு எல்லாரும் டீ குடிக்க முற்றத்துக்குப் போனார்கள். பிராங்கிளின் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தான். அம்மா ஒரு தட்டில் வடையோடு வந்து பின்மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் அந்தப் படத்த போடாம தாண்டிட்டேம்மா" என்றான்.

"தெரியும். பக்கத்துல ஒரு பொண்ணு நோட்டுல நெம்பர் போட்டு எயுதிக்கினு வந்துச்சு. பதிமூணுக்கு அப்பால பதினஞ்சுன்னு வந்ததும் முயிச்சிக்கினு குந்திக்கினு இருந்துச்சு."

"நீ எனக்கு ஊசி போட்டதுக்கு வெசனப்படுவேன்னுதான்…"

"நான் எங்கடா போட்டேன்?"

வடையைப் பிட்டபடியே சொன்னாள்.

"உங்க நைனாதான் உன்னத் தூக்கிக்கினு கம்பவுண்டரு வூட்டுக்கு ஓடுனாரு. மொத நாள் ஊசிக்கு ஜுரம் வுடல. மறுநாளும் தூக்கிக்கினு போயி, இன்னொண்ணு போடுயான்னு கெஞ்சிப் போட்டுக்கினு வந்தாரு. நான் மீன் கூடையோட தெருவுல கீறேன். சாயங்காலந்தான் எனக்கே தெரியும்."

பிராங்கிளின் வயரை வைத்துவிட்டு உட்கார்ந்தான். முழங்காலை மடக்கவிடாத காலிபர் பூட்டைத் தளர்த்த மறந்துபோனதில், கால் நீட்டியபடியே இருந்தது.

"அப்பால பெரிய ஆஸ்பத்திரில ஒரு டாக்டரு அவர நிக்கவச்சுக் கேட்டாரு. யாருயா ஊசி போடச் சொன்னது, நீயே உம்புள்ள கால கெடுத்துட்டியேன்னு. அவ்ளோதான். மனுஷன் மூணு மாசம் வேலைக்குப் போவல. சோறு எறங்கல. ஒரு நாளு அலைக்குத் தடுப்பா போட்டுக் கீற பாறாங்கல்லு மேல போய்க் குந்திக்கினு வூட்டுக்கு வரமாட்டேன்னுட்டாரு. அன்னிக்குத்தான் சொன்னேன். மூணாம் தபா சொட்டு மருந்த நான் வுட்டுட்டேன், கண்ணாலத்துல மறந்துட்டேன், அத்தொட்டுதான் வந்துச்சு, ஊசியெல்லாம் ஒண்ணும் இல்லன்னு."

"நீ வுடலியா?"

"மூணு தபாவும் போட்டேன். பயவேற்காட்லேருந்து வந்த மறுநாளே போய்ப் போட்டுக்கினு வந்தேன். அவருக்கு அதெல்லாம் எங்க தெரியப்போவுது? சொட்டு மருந்து அட்டைய அடுப்புல வச்சிட்டேன்."

"நைனா நம்புனாரா?"

சிலுவையம்மாள் யோசித்தாள். "நம்புனாரோ இன்னாவோ. மறுவாரம் வேலைக்குப் போனாரு. ஏன் வுட்டேன்னு ஒரு வார்த்த என்னக் கேக்கல."

முற்றத்தில் மாணவிகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அத்தை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொன்னது, அப்பா அப்போதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போனது, எல்லாம் பிராங்கிளினுக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன.

"நைனா போனப்புறமாச்சும் எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல?"

"எப்டிச் சொல்வேன்? எம்மேல கோச்சிக்கினா ராவு சோறு துன்ன வூட்டுக்கு வந்துடுவே. செத்த மனுஷன் மேல கோச்சிக்கினா எங்க போவே?"

"இன்னிக்கி மட்டும் ஏன் கேட்டே?"

"எனக்குத் தெரியணும்ல. வாயால நான்தான்னு சொல்லிக்கினு, உள்ளுக்குள்ள இத்தினி வருசமா அவரு மேலதான் தப்புன்னு நெனச்சிக்கினு கீறேன். அந்த ஆஸ்பத்திரி டாக்டரு சொன்னது மெய்யா, பொய்யா? செத்து அங்க போயி அவரு மூஞ்சில முயிக்கணுமே." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தெரிஞ்சி யாரும் செய்லன்னு அந்தம்மா சொல்லிச்சு. போதும்."

"அன்னிக்கு அந்தக் கம்பெனிலேருந்து வந்து உங்கிட்டக் கத்தினேனே…" என்று பிராங்கிளின் ஆரம்பித்தான்.

"எத்தினியோ தபா கத்திக் கீறே. எத ஞாபகம் வச்சிக்கறது? டீ ஆறுது, குடி."

அவளுக்கு ஞாபகம் இருந்தது என்று அவனுக்குத் தெரியும். அவள் தோளில் கையை வைத்தான். அவள் அந்தக் கைமேல் எண்ணெய் பட்ட தன் கையை ஒரு நிமிஷம் வைத்திருந்துவிட்டு, "வடைல உப்பு கம்மி" என்று தட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

யசோதரா காலி டம்ளர்களோடு உள்ளே வந்தாள். அலமாரி அட்டையில் எழுதியிருப்பது தப்பு என்று பிராங்கிளின் அவளிடம் சொன்னான். மூன்று முறையும் போட்டிருக்கிறது, மாற்ற வேண்டும் என்றான். யார் சொன்னது என்று கேட்டாள். அவன் அம்மாவைக் காட்டினான். யசோதரா டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவையம்மாளுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அட்டையை மாற்றிவிடலாம், ஆனால் இதையெல்லாம் அம்மாவின் குரலிலேயே பதிவுசெய்து அருங்காட்சியகத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் கேக்குமா?"

"நீங்க சரின்னா மட்டும்தான்மா."

"அவரு பேரச் சொல்லலாமா?"

"உங்க இஷ்டம்மா."

சிலுவையம்மாள் மகனைப் பார்த்தாள். சொல்லும்மா என்றான் அவன்.

அடுத்த வியாழக்கிழமை மதியம் பதிவு நடந்தது. மின்விசிறியை நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்தி, மைக்கை அம்மாவின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் பிராங்கிளின் வைத்தான். அரை மணி நேரம் போதும் என்று யசோதரா நினைத்திருந்தாள். சிலுவையம்மாள் ஒரு மணி பத்து நிமிஷம் பேசினாள். காய்ச்சலும் ஊசியும் கால்மணி நேரத்தில் முடிந்துவிட்டன. மற்றதெல்லாம் செல்வநாதனைப் பற்றி. பட்டறையில் முதல் சம்பளத்தில் அவளுக்குச் செருப்பு வாங்கி, அளவு தெரியாமல் இரண்டு விரற்கடை பெரிதாக வாங்கிவந்தது. அதை அவள் நாலு வருஷம் துணி வைத்துப் போட்டுக்கொண்டது. மகனுக்குப் பெயர் வைக்கும்போது இருவருக்கும் நடந்த சண்டை. இதில் பலவற்றைப் பிராங்கிளின் இப்போதுதான் முதல்முறையாகக் கேட்டான். நடுவில் இரண்டு தடவை கேட்காதவன் போல ஹெட்போனைச் சரிசெய்துகொண்டான்.

முடிந்ததும் தேவையில்லாத இடங்களை வெட்டிக் கொடுக்கிறீர்களா அண்ணா என்று யசோதரா கேட்டாள். முழுசாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அம்மாவைப் பக்கச்சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டான். நாலு மணிக்கு மேல் ஆனால் துறைமுக வாசலில் லாரி வரிசை பிடித்துவிடும்.